30 லட்சம் டாலரில் கோப்பை, 24.5 கோடி டாலரில் தோல்வி: அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு அணி ஜெயிப்பது எப்படி?

2014 பிப்ரவரி 2. நியூ ஜெர்சியில் சூப்பர் பவுல் இறுதிப்போட்டி. ஒரு பக்கம் டென்வர் பிராங்கோஸ். அந்த அணியின் பெய்டன் மேனிங் 5 ஆண்டுகளுக்கு 9.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்ட நட்சத்திரம். எதிரில் சியாட்டில் சீஹாக்ஸ். அந்த அணியில் அதே இடத்தில் ஆடியவர் ரஸ்ஸல் வில்சன். 25 வயது. 4 ஆண்டுகளுக்குச் சேர்த்தே அவருக்குப் பேசிய சம்பளம் சுமார் 30 லட்சம் டாலர். ஒப்பந்தம் போட்டபோது இருந்த மதிப்பில் 16 கோடி ரூபாய் போல.

முடிவு என்ன தெரியுமா? சியாட்டில் 43, டென்வர் 8. போட்டி என்று சொல்லவே முடியாத அளவுக்கு ஒருதலைப்பட்சம்.

அடுத்த காட்சி, 2022 செப்டம்பர். அன்று தோற்ற அதே டென்வர், அன்று ஜெயித்த அதே வில்சனுக்கு 5 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் தருவதாகக் கையெழுத்துப் போட்டது. சுமார் 1,950 கோடி ரூபாய். அந்த சீசனில் டென்வர் ஆடிய 17 ஆட்டங்களில் ஜெயித்தது வெறும் 5.

ஒரே ஆள். ஒரு விலையில் கோப்பை, இன்னொரு விலையில் குப்புற விழுந்தது அணி. நடுவில் என்ன நடந்தது? அதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவின் என்.எஃப்.எல் லீக் எப்படி ஆட்களை எடுக்கிறது, எப்படிச் செலவழிக்கிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயம். இது மெஸ்ஸி, ரொனால்டோ ஆடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட், தோள்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த அமெரிக்கன் ஃபுட்பால். அதில் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று ஓரிரு நொடிகளில் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். அணியின் மூளை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்திலும் பெரும்பாலும் அவருக்குத்தான் முதலிடம்.

டிராஃப்ட் என்றால் என்ன?

நமக்குத் தெரிந்தது ஐபிஎல் ஏலம். பர்ஸில் காசு இருந்தால் கையைத் தூக்கலாம், யாரையும் வாங்கலாம். என்.எஃப்.எல்-லில் புது ஆட்களுக்கு ஏலமே கிடையாது. வரிசைதான்.

கல்லூரி அணிகளில் ஆடி முடித்து வரும் இளைஞர்களை 32 அணிகளும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். மொத்தம் 7 சுற்று. முந்தைய சீசனில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு. கோப்பை வென்ற அணிக்கு அந்தச் சுற்றில் கடைசி வாய்ப்பு. இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கைத் தலைகீழாக நடத்தினால் எப்படி இருக்கும்? மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காமல் கல்லூரி மாணவரைத் தேர்ந்தெடுக்கும். அதிலும் மோசமான ரிசல்ட் காட்டிய கல்லூரிக்குத்தான் முதல் அழைப்பு. கிட்டத்தட்ட அதுதான் இது.

1936-ல் தொடங்கிய ஏற்பாடு. யோசனை சொன்னவர் அப்போது ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல். பணக்கார அணிகளே நல்ல ஆட்களை அள்ளிக்கொண்டு போனால் லீக் செத்துவிடும் என்பது அவர் வாதம். அவர் அணி அப்போது தோற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்தத் தேர்வு வாய்ப்பை அணிகள் ஒன்றுக்கொன்று விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். இந்த வருட வாய்ப்பு மட்டுமல்ல, அடுத்த வருடம், அதற்கடுத்த வருட வாய்ப்பைக்கூட இன்றே கொடுத்துவிட்டு ஓர் ஆளை வாங்கலாம். அதாவது டிராஃப்ட் வாய்ப்பு என்பதே ஒரு நாணயம் மாதிரி.

சரி, காசு இருக்கும் அணி கொட்டிச் செலவழிக்கலாமே?

முடியாது. 1994 முதல் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்குப் போக வேண்டும் என்று வீரர்கள் சங்கத்துடன் ஒப்பந்தம். அந்தக் கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகையை நிர்ணயிப்பார்கள். 32 அணிக்கும் ஒரே தொகை. 1994-ல் அது 3.46 கோடி டாலர். 2024-ல் 25.54 கோடி, 2025-ல் 27.92 கோடி டாலர். டிவி உரிமத்தில் வரும் பணத்தையும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் ஒரு லட்சம் பேர் மட்டுமே வாழும் கிரீன் பே என்ற சின்ன ஊரின் அணி, நியூயார்க் அணிகளோடு நேருக்கு நேர் மோத முடிகிறது.

எல்லோருடைய பையிலும் ஒரே பணம். அப்படியென்றால் யார் ஜெயிப்பார்? ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் ஆட்டத்தை வாங்கத் தெரிந்தவர். இரண்டு ரூபாய் ஆட்டம் எங்கே ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும்? டிராஃப்டில்.

2011-ல் மாறிய விதி

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2010-ல் முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்ட், என்.எஃப்.எல்-லில் ஓர் ஆட்டம்கூட ஆடும் முன்பே 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார். அதில் 5 கோடி உத்தரவாதத் தொகை. ஆடினாலும் உண்டு, ஆடாவிட்டாலும் உண்டு. சொதப்பினால் அணிக்கு அம்பேல்.

2011-ல் அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் புது ஒப்பந்தம் போட்டபோது இதற்குக் கடிவாளம் போட்டார்கள். எத்தனையாவது ஆளாகத் தேர்வானாரோ அதற்கேற்ப நிர்ணயித்த சம்பளம், 4 ஆண்டு ஒப்பந்தம். அதே வருடம் முதல் ஆளாகத் தேர்வான கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது 2.2 கோடி டாலர். முந்தைய வருடத்து ஆளைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இன்னொரு விதியும் சேர்ந்து வந்தது. டிராஃப்டில் வந்தவர் எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் மூன்று சீசன் முடியும்வரை சம்பளத்தை உயர்த்திக் கேட்க முடியாது.

இந்த இரண்டு விதியும் சேர்ந்து என்ன செய்தன என்பதற்குத்தான் வில்சன் கதை.

75-வது ஆளாக வந்தவர்

2012 டிராஃப்டில் வில்சனுக்கு முன்னால் ஐந்து குவாட்டர்பேக்குகளை எடுத்துவிட்டார்கள். வில்சன் உயரம் ஆறடிக்கும் குறைவு. அதுதான் பெரிய குறையாகப் பேசப்பட்டது. அந்த ஐந்து பேரில் ஒருவர் 57-வதாகப் போன பிராக் ஆஸ்வைலர். அவரை எடுத்த அணி எது என்று நினைக்கிறீர்கள்? டென்வர். பத்து வருடம் கழித்து 24.5 கோடி டாலர் கொடுக்கப்போகும் அதே ஆளை, அன்றைக்கு சில லட்சம் டாலருக்கு எடுத்திருக்கலாம். விட்டுவிட்டார்கள்.

18 இடம் தள்ளி, 75-வது ஆளாக சியாட்டில் எடுத்தது. அந்த அணி அப்போதுதான் மேட் ஃப்ளின் என்ற குவாட்டர்பேக்கைப் பெரிய தொகைக்கு வெளியிலிருந்து கூட்டி வந்திருந்தது. சீசன் தொடங்கும் முன்பே அவரை ஓரங்கட்டி வில்சன் இடத்தைப் பிடித்தார்.

இப்போது ஒரு கணக்கு. 2013-ல் உச்சவரம்பு 12.3 கோடி டாலர். அந்த வருடம் பால்டிமோர் அணியின் குவாட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோ போட்ட ஒப்பந்தம் சராசரியாக ஆண்டுக்கு 2 கோடி. வில்சனுக்கு ஆண்டுக்குச் சராசரி ஏழரை லட்சம்! மிச்சமான பணம் மொத்த உச்சவரம்பில் ஏறக்குறைய 15 சதவீதம். மற்ற அணி குவாட்டர்பேக்குக்குக் கொடுத்த பணத்தை சியாட்டில் வேறு இடத்தில் போட்டது. கிளிஃப் ஏவ்ரில், மைக்கேல் பென்னெட் என்று எதிரணி குவாட்டர்பேக்கைத் துரத்திப் பிடிக்கும் இரண்டு பேரை வாங்கியது.

அதோடு, டிராஃப்டில் மலிவாக வந்த தடுப்பாட்டக்காரர்கள் ஒரு கூட்டமே இருந்தார்கள். ரிச்சர்ட் ஷெர்மன், கேம் சான்சலர் இருவரும் ஐந்தாவது சுற்றில் வந்தவர்கள். பாபி வாக்னர் இரண்டாவது சுற்று.

சூப்பர் பவுலில் இந்தக் கணக்கு மைதானத்திலேயே தெரிந்தது. முதல் பாதியில் மேனிங் பந்தை எறியக் கையை ஓங்கியபோது ஏவ்ரில் அந்தக் கையைத் தட்டிவிட்டார். அந்தரத்தில் மிதந்த பந்தைப் பிடித்து 69 யார்டு ஓடிப்போய் டச்டவுன் வைத்தவர் மால்கம் ஸ்மித். கடைசிச் சுற்றான ஏழாவது சுற்றில், 242-வது ஆளாக எடுக்கப்பட்டவர். அன்று ஆட்ட நாயகன் விருது அவருக்கே. மிச்சம்பிடித்த பணத்தில் வந்தவர் தட்டிவிட, மலிவாகக் கிடைத்தவர் பிடித்தார். கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் 'ரொம்ப செட் பண்ணிட்டீங்க' என்று நாமே கிண்டல் செய்திருப்போம்.

அடுத்த வருடமும் சியாட்டில் இறுதிப்போட்டிக்கு வந்து, எல்லைக்கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் பந்தைப் பறிகொடுத்து நியூ இங்கிலாந்திடம் 28-24 என்று தோற்றது. பந்தைப் பறித்த மால்கம் பட்லரை டிராஃப்டில் 32 அணியில் ஒன்றுகூட எடுக்கவில்லை என்பது தனிக்கதை.

பில் வந்தது

மூன்று சீசன் முடிந்தது. 2015-ல் வில்சனுக்குப் புது ஒப்பந்தம்: 4 ஆண்டுகளுக்கு 8.76 கோடி டாலர். 2019-ல் இன்னொன்று: 4 ஆண்டுகளுக்கு 14 கோடி. அந்த நேரத்தில் லீக்கிலேயே சராசரியில் அதிக சம்பளம்.

தகுதிக்குக் கிடைத்த பணம்தான், அதில் தப்பே இல்லை. ஆனால் அணியின் பை அந்த அளவுக்குப் பெரிதாகவில்லையே. ஷெர்மன், வாக்னர் எல்லோரும் அதே நேரத்தில் தங்கள் உண்மையான விலையைக் கேட்டார்கள். சான்சலரைக் காயம் வீழ்த்தியது. ஷெர்மனை 2018-ல் விடுவித்தார்கள், பென்னெட்டை வேறு அணிக்கு அனுப்பினார்கள். 2015-க்குப் பிறகு வில்சன் இருந்தவரை சியாட்டில் சூப்பர் பவுல் பக்கமே போகவில்லை.

எல்லாப் பழியையும் வில்சன் சம்பளத்தின் மேல் போடக் கூடாது. அந்த வருடங்களில் சியாட்டில் எடுத்த புது ஆட்களும் முந்தைய தரத்தில் இல்லை. 2010 முதல் 2012 வரை மூன்றே டிராஃப்டில் கிடைத்த மாதிரி ஒரு கூட்டம் மறுபடி கிடைப்பது லாட்டரி அடிப்பது போல.

டென்வர் எங்கே சறுக்கியது?

2022 மார்ச்சில் டென்வர் வந்து வில்சனைக் கேட்டது. கொடுத்த விலையைப் பாருங்கள்: இரண்டு முதல் சுற்று வாய்ப்புகள், இரண்டு இரண்டாம் சுற்று வாய்ப்புகள், ஓர் ஐந்தாம் சுற்று வாய்ப்பு, கூடவே மூன்று வீரர்கள். பதிலுக்கு வில்சனும் ஒரு நான்காம் சுற்று வாய்ப்பும்.

அதாவது மலிவான ஆட்கள் வரும் கதவை இரண்டு வருடத்துக்கு மூடிவிட்டு, விலை உயர்ந்த ஓர் ஆளை வாங்கினார்கள். வில்சனுக்கு அப்போது வயது 33. பிறகு, டென்வருக்காக ஓர் ஆட்டம்கூட ஆடும் முன்பே அந்த 24.5 கோடி ஒப்பந்தம். அதில் 16.5 கோடி உத்தரவாதம்.

சீசனின் முதல் ஆட்டம், வேறெங்கும் இல்லை, சியாட்டிலில். டென்வர் 17-16 என்று தோற்றது. அந்த வருடம் வில்சனை எதிரணிகள் 55 முறை பந்தோடு சேர்த்து மண்ணில் சாய்த்தன. பயிற்சியாளர் சீசன் முடியும் முன்பே வேலை இழந்தார்.

இதில் கொடுமை, டென்வர் தோற்கத் தோற்க சியாட்டிலுக்கு லாபம். டென்வரின் 2023 முதல் சுற்று வாய்ப்பு சியாட்டில் கையில் அல்லவா இருக்கிறது? 5 வெற்றி, 12 தோல்வி என்ற மோசமான ரிசல்ட்டால் அந்த வாய்ப்பு 5-வது இடத்துக்கு உயர்ந்தது. அதில் சியாட்டில் எடுத்த டெவன் விதர்ஸ்பூன் முதல் சீசனிலேயே ப்ரோ பவுல் என்ற நட்சத்திர வீரர்கள் பட்டியலில் இடம்பிடித்தார். 2022-ல் கிடைத்த 9-வது வாய்ப்பில் வந்த சார்லஸ் கிராஸ், குவாட்டர்பேக்கின் இடது பக்கத்தைக் காக்கும் நிரந்தர ஆள் ஆனார். வில்சன் இடத்தில் ஆடிய ஜீனோ ஸ்மித்? ஒரு வருட ஒப்பந்தம், சொற்ப சம்பளம். 9 வெற்றி, 8 தோல்வியோடு சியாட்டிலை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்.

ஆளை அனுப்பிவிட்டால் செலவு நின்றுவிடுமா?

நிற்காது. இதுதான் இந்தக் கதையில் பலர் கவனிக்காத இடம்.

ஒரு வீரருக்கு ஒப்பந்தம் போடும்போது மொத்தமாக ஒரு போனஸ் கொடுப்பார்கள். பணம் உடனே அவர் கைக்குப் போய்விடும். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குப் பிரித்து எழுதலாம். உதாரணத்துக்கு, 5 கோடி போனஸ் என்றால் வருடத்துக்கு 1 கோடி. நம்ம ஊர் இஎம்ஐ கணக்குதான். இரண்டாவது வருடம் முடிந்ததும் அந்த ஆள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டால், மீதி 3 கோடியும் மொத்தமாகக் கணக்கில் வந்து உட்காரும். வண்டியை விற்றாலும் கடன் நம் தலையில். இதற்கு அங்கே 'டெட் மணி' என்று பெயர். செத்த பணம்.

2024 மார்ச்சில் வில்சனை டென்வர் விடுவித்தபோது இப்படிச் சேர்ந்த செத்த பணம் 8.5 கோடி டாலர். என்.எஃப்.எல் வரலாற்றில் அதுவரை இல்லாத தொகை. ஒரே வருடத்தில் தாங்காது என்று 2024-ல் 5.3 கோடி, 2025-ல் 3.2 கோடி என்று பிரித்துக்கொண்டார்கள். 2024 உச்சவரம்பில் ஐந்தில் ஒரு பங்கு, அணியில் இல்லாத ஓர் ஆளுக்கு! வில்சன் பிட்ஸ்பர்க் அணிக்குப் போய்க் குறைந்தபட்ச சம்பளத்துக்கு ஆடினார். பெரிய சம்பளத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தது டென்வர்தான்.

அப்போ பெரிய சம்பளம் கொடுத்தால் ஜெயிக்கவே முடியாதா?

அப்படியும் இல்லை. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியைப் பாருங்கள். குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்கு 2020-ல் 10 ஆண்டுகளுக்கு 45 கோடி டாலர் ஒப்பந்தம். அதன் பிறகும் 2023, 2024 என்று அடுத்தடுத்து இரண்டு சூப்பர் பவுல் வென்றார்கள். எப்படி?

2022 மார்ச். டென்வர் வில்சனை வாங்கிய அதே மாதம், சீஃப்ஸ் நேர் எதிரான வேலையைச் செய்தது. லீக்கின் அதிவேக ஆட்டக்காரர்களில் ஒருவரான டைரீக் ஹில்லை மியாமிக்குக் கொடுத்துவிட்டு ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளை வாங்கிக்கொண்டது. மியாமி ஹில்லுக்கு 4 ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் கொடுத்தது. சீஃப்ஸ் ரசிகர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள்.

அந்த வருடம் சீஃப்ஸ் டிராஃப்டில் வந்தவர்களைப் பாருங்கள். முதல் சுற்றில் ட்ரென்ட் மெக்டஃபி, ஜார்ஜ் கார்லாஃப்டிஸ். ஏழாவது சுற்றில் 251-வது ஆளாக ஐசையா பாச்சேகோ. அந்த சீசன் இறுதியில் சூப்பர் பவுலில் ஈகிள்ஸை 38-35 என்று வென்றபோது 76 யார்டு ஓடி ஒரு டச்டவுனும் வைத்தவர் இந்தப் பாச்சேகோ. ஒரு மஹோம்ஸுக்கு அள்ளிக் கொடுக்க வேண்டுமென்றால், அவரைச் சுற்றி ஆடும் ஏழெட்டுப் பேராவது மலிவாக இருக்க வேண்டும். அவர்களை வருடா வருடம் கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். டென்வர் அந்த வழியைத்தான் அடைத்துவிட்டது.

2025 பிப்ரவரியில் அந்த சீஃப்ஸையே ஈகிள்ஸ் 40-22 என்று புரட்டிப்போட்டதும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு 25.5 கோடி டாலர் ஒப்பந்தம் இருந்தது. ஆனால் மஹோம்ஸ் எறிந்த பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி டச்டவுன் வைத்த கூப்பர் டிஜீன், அந்த வருடம்தான் இரண்டாவது சுற்றில் வந்த புதுமுகம். அன்றைக்கு அவருக்கு 22-வது பிறந்தநாள் வேறு. ஹர்ட்ஸைக் காத்து நிற்கும் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடியவர். அமெரிக்கன் ஃபுட்பாலே ஆடாத அவரை 2018-ல் ஏழாவது சுற்றில், 233-வது ஆளாக எடுத்து வளர்த்தார்கள்.

சீக்கிரம் கிடைக்கும் வாய்ப்புதான் சிறந்த வாய்ப்பா?

பொருளாதாரத்துக்கு 2017-ல் நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் தேலர், கேட் மாஸி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் தேர்வானவர், அவருக்கு அடுத்துத் தேர்வானவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு எவ்வளவு? 52 சதவீதம். கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான்! ஆனால் அந்த முந்தைய இடத்தைப் பிடிக்க அணிகள் கொடுக்கும் விலையோ எக்கச்சக்கம். தங்கள் கண்ணின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் கதை இதற்குப் பொருத்தம். 2021-ல் 12-வது இடத்திலிருந்து 3-வது இடத்துக்கு முன்னேற, அந்த 12-வது வாய்ப்போடு அடுத்த இரண்டு வருட முதல் சுற்று வாய்ப்புகளையும், ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் மியாமிக்குக் கொடுத்தது. எடுத்த ஆள் ட்ரே லான்ஸ், குவாட்டர்பேக். அந்த அணிக்காக அவர் தொடக்கத்திலிருந்து ஆடியது நான்கே ஆட்டம். 2023-ல் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டல்லாஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதே அணி 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-வதாக ஒருவரை எடுத்திருந்தது. பிராக் பர்டி. கடைசி ஆளை 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று கிண்டலாகக் கூப்பிடுவது அங்கே வழக்கம். தேவையில்லாத ஆசாமி என்று அர்த்தம். அந்த ஆசாமிதான் 2024 சூப்பர் பவுல் வரை அணியைக் கொண்டுபோனார்.

அந்த இறுதிப்போட்டியில் சீஃப்ஸிடம் 25-22 என்று தோற்றார்கள். இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். லான்ஸுக்காக மியாமியிடம் கொடுத்த 2022 முதல் சுற்று வாய்ப்பை, மியாமி ஹில்லை வாங்க சீஃப்ஸிடம் கொடுத்தது. சீஃப்ஸ் அதை வைத்து இன்னும் முன்னால் நகர்ந்து எடுத்த ஆள்தான் மெக்டஃபி. 2024 இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராக ஆடிய அதே மெக்டஃபி. தான் கொடுத்த சீட்டு சுற்றிச் சுற்றி, எதிரணி ஜெர்ஸியில் வந்து நின்றது.

வீரர்களுக்கு இது நியாயமா?

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். அணி 'மலிவாக எடுத்தோம்' என்று மார்தட்டும் ஒவ்வொரு முறையும், அந்தப் பக்கம் ஒருவர் தன் உழைப்புக்குக் குறைவாக வாங்கிக்கொண்டிருக்கிறார். எந்த ஊருக்குப் போவது என்பதைக்கூட அவர் முடிவு செய்ய முடியாது.

வில்சனும் பர்டியும் மூன்று வருடம் தாக்குப்பிடித்தார்கள், பிறகு அள்ளினார்கள். பர்டிக்கு 2025 மே மாதம் 5 ஆண்டுகளுக்கு 26.5 கோடி டாலர் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. பந்தை ஏந்தி ஓடுபவரை ஒவ்வோர் ஆட்டத்திலும் நாலைந்து பேர் சேர்ந்து மோதிச் சாய்ப்பார்கள். இரண்டு சூப்பர் பவுல் வென்ற பாச்சேகோ, தன் மூன்றாவது சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே காலெலும்பு முறிந்து விழுந்தார். அப்போதும் அவர் ஏழாவது சுற்று சம்பளத்தில்தான் இருந்தார்.

வீரர்கள் சங்கம் 2011-ல் ஏன் இதற்கு ஒத்துக்கொண்டது? புதுமுகங்களுக்குக் குறைத்தால் அந்தப் பணம் அனுபவசாலிகளுக்கு வரும் என்று சொல்லப்பட்டது. ஓட்டுப் போடும் இடத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்கள். பாதிக்கப்படப் போகிறவர்கள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததில் பாதிதான் சொன்னபடி. முதல் தர நட்சத்திரங்களுக்குச் சம்பளம் எகிறியது. நடுத்தர அனுபவசாலியை அனுப்பிவிட்டு அவர் இடத்தில் பாதி விலைக்கு ஒரு புதுமுகத்தை வைப்பது அணிகளுக்கு லாபமாகிப்போனது.

டென்வர் இப்போது என்ன செய்கிறது?

8.5 கோடி செத்த பணத்தைச் சுமந்துகொண்டு 2024-ல் டென்வர் தேறாது என்றே பலரும் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் அந்த அணி டிராஃப்டுக்குத் திரும்பியது. 12-வது ஆளாக போ நிக்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. 4 ஆண்டுகளுக்கு சுமார் 1.86 கோடி டாலர். வில்சனுக்காக அந்த ஒரே வருடம் கணக்கில் எழுதிய தொகையில் பாதிகூட இல்லை.

10 வெற்றி, 7 தோல்வி. மேனிங் ஓய்வு பெறும் முன் 2016 பிப்ரவரியில் வாங்கித் தந்த கோப்பைக்குப் பிறகு டென்வர் பிளேஆஃபுக்குப் போனது அதுவே முதல் முறை. அங்கே பஃபலோவிடம் 31-7 என்று உதை வாங்கியது வேறு விஷயம்.

வில்சன் கணக்கில் எழுத வேண்டிய கடைசித் தவணை 2025 சீசனோடு தீர்ந்தது. விதிப்படி போ நிக்ஸ் புது சம்பளம் பேசலாம் என்றால், அது 2026 சீசன் முடிந்த பிறகுதான்.